ஓர் ஆணி, ஏழு காலண்டர்

2019 டிசம்பர் கடைசி வாரம். எங்கள் ஹார்டுவேர்ஸ் கடைக்குக் கால் கிலோ ஆணி வாங்க வந்த ஓர் அம்மா, காசு கொடுத்து மீதியும் வாங்கிய பிறகு நகராமல் நின்றார். பார்வை எனக்குப் பின்னால் இருந்த காலண்டர் கட்டின் மேல். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் படத்தைப் பார்க்கவில்லை. அட்டையை இரண்டு விரலால் பிடித்து, பப்பாளி பழுத்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பது போல லேசாக வளைத்துப் பார்த்தார். "என்ன தம்பி, இந்த வருஷம் அட்டை மெலிசா இருக்கு?" என்றார். ஆணிக்கு அவர் கொடுத்தது 25 ரூபாய். காலண்டர் எனக்கு அடக்கம் 42 ரூபாய். சிரித்துச் சமாளித்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அன்று ராத்திரி சாப்பிடும்போதும் கூடவே உட்கார்ந்திருந்தது.

600 காலண்டர், 25,200 ரூபாய். அது போக லாரி ஷெட்டிலிருந்து எடுத்து வந்த வண்டிக்கூலி. யாருக்குக் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்ற மனத்தாங்கல் தனிக்கணக்கு. எல்லார் சட்டைப்பையிலும் போன் இருக்கிறது, தேதி பார்க்க யார் சுவரைப் பார்க்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா பெயின்ட் டின்னில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே சொன்னார்: "நீ குடுக்கிறது காலண்டர் இல்லடா. அவங்க வீட்டுல ஒரு ஆணியைப் பிடிக்கிற."

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஏழெட்டு காலண்டராவது வரும். நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகை, மெடிக்கல், கூட்டுறவு வங்கி, சீட்டுக் கம்பெனி, அப்புறம் எங்களை மாதிரி ஒரு ஹார்டுவேர்ஸ். ஹாலில் இருப்பது ஓர் ஆணி. அது பெரும்பாலும் நகைக்கடைக்குப் போய்விடும். மளிகைக்கடை காலண்டர் அடுப்படிக்கு. மூன்றாவது ஆணி இருந்தால் பூஜை அறையில். அங்கே கடைப் பெயரை யாரும் பார்ப்பதில்லை, எந்தச் சாமி என்றுதான் பார்ப்பார்கள். மீதி எல்லாம் பீரோவுக்கு மேலே போய், பிள்ளைகளுக்குப் பரீட்சை அட்டையாகவும், கரண்டு போனால் விசிறியாகவும் இறங்கி வரும். அப்பா சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. ஆணியை விற்பதே நாம்தான், அதில் தொங்க ஏன் இவ்வளவு செலவு என்று ஒரு நக்கல் அடித்துவிட்டுப் போய்விட்டேன்.

துணி மாதிரி இருந்த பை

2020-ல் கொரோனா வந்து எனக்கு வசதியாகிவிட்டது. வியாபாரம் பாதியாக இறங்கிய வருஷத்தில் காலண்டர் எதற்கு என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். பதிலுக்கு, பயனுள்ளதாக ஏதாவது கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. பரிசுப்பொருள் சப்ளை செய்யும் ஒருவர் தோல்பெட்டி நிறைய மாதிரிகளோடு வந்தார். பேனா, கீ செயின், சின்ன டேப், டார்ச், பை. பை எனக்குப் பிடித்தது. கெட்டியாக, ஆரஞ்சு நிறத்தில், இரண்டு கைப்பிடியோடு இருந்தது. "துணிப்பை சார்" என்றார். 500 சொல்லிவிட்டேன். கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டு வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, வீட்டுக்கு டைல்ஸ் பார்க்க வந்த ஒரு வாத்தியார் பையை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது துணி இல்லையே தம்பி. தீக்குச்சி இருக்கா?" கைப்பிடியின் ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்து, கடை வாசலில் வைத்துப் பற்ற வைத்தோம். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்திருக்கும். இது எரிவதற்கு முன்னால் சுருண்டது, பிறகு உருகிச் சொட்டியது, தரையில் விழுந்து கறுப்பு மணியாக இறுகிப்போனது. மெழுகுவர்த்தியை அணைத்ததும் வருமே, அது போல ஒரு நெடி.

அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். பாலிப்ரொப்பிலீன் குருணையை உருக்கி, மிக மெல்லிய இழைகளாகப் பீய்ச்சி, ஓடுகிற பட்டையின் மேல் தாறுமாறாகப் படிய விட்டு, சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுப்பதுதான் அந்தத் 'துணி'. தறியும் கிடையாது, நெசவும் கிடையாது. பையில் கட்டம் கட்டமாகத் தெரியும் சின்னப் புள்ளிகள் அழகுக்குப் போட்டவை இல்லை. உருளையில் இருக்கும் மேடுகள் பட்டு இழைகள் உருகி ஒட்டிக்கொண்ட இடங்கள் அவை. ஓரத்தில் தையலைத் தேடினேன், நூலே இல்லை, அங்கேயும் உருக்கி ஒட்டியதுதான். அந்தச் சூட்டு உருளைக்குத் தொழிலில் காலண்டர் என்று பெயர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். காலண்டரிலிருந்து தப்பிக்கப் போய் காலண்டரிலேயே விழுந்திருக்கிறேன்.

சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் இந்தப் பையும் இருந்தது. கடையில் பிளாஸ்டிக் கவரை நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம் 'பை கொண்டு வாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவன், தடை செய்த பையில் அப்பா பெயரைப் போட்டு ஊரெல்லாம் கொடுத்திருக்கிறேன். சப்ளை செய்தவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "எல்லாரும் துணிப்பைன்னுதான் சார் கேக்குறாங்க, நாங்களும் அப்படியே சொல்றோம்" என்றார். கோபம் எனக்கு அவர் மேல் பாதிதான். பை நிறமாக இருந்தது, கடைப் பெயர் பெரிதாகத் தெரிந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் எதையுமே கேட்கவில்லை.

காலண்டர் இல்லாத அந்த வருஷம் இன்னொன்றும் நடந்தது. யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். "இந்த வருஷம் போடலையா? சரி சரி" என்று சொல்லிவிட்டு ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார்கள். கடை நொடித்துப்போய்விட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது எனக்கு மார்ச் மாதம்தான் தெரிய வந்தது. அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பழைய காலண்டரின் கிழித்த தாள்களைக் கிளிப் போட்டு வைத்திருப்பார். அதன் முதுகில்தான் எந்த வீட்டுக்கு எத்தனை லிட்டர் ப்ரைமர், எத்தனை கிலோ பட்டி என்று எழுதிக் கணக்குப் போடுவார். அந்த வருஷம் தாள் தீர்ந்து, 10 ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினார். என் கண்ணில் படும்படி அதை மேசை மேல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

வெள்ளைப் பட்டை

அடுத்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு நானே சிவகாசிக்குப் போனேன். வழக்கமாக ஏஜென்ட் ஆல்பத்தோடு வருவார், நாங்கள் படத்தைத் தொட்டுக் காட்டுவோம். இந்தத் தடவை எதை வாங்குகிறேன் என்று பார்த்துவிட்டு வாங்குவது என்று முடிவு. எங்கள் ஊர் வத்தலக்குண்டிலிருந்து மதுரை ஆரப்பாளையம், அங்கிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து சிவகாசி. பட்டாசு சீசன் முடிந்து ஊரே அச்சுக்கு மாறியிருந்தது. தெருவில் தாள் ரீம்களைச் சுமந்து சிறிய வேன்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தன.

ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த வருஷ ஆல்பத்தை வெளியிடுவது அங்கே வழக்கம். அன்று தொடங்கி மார்கழி வரை ஓட்டம்தான். அச்சகத்து அண்ணாச்சி, 600 காலண்டர் வாங்குகிறவன் உள்ளே பார்க்க வேண்டும் என்று கேட்டதை விநோதமாகப் பார்த்தார். "இதுல பார்க்க என்ன தம்பி இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் தேதித் தாள். ஒரு பெரிய தாளில் பல நாட்கள் பக்கம் பக்கமாக அச்சாகி வந்து விழுகின்றன. ஞாயிறும் அரசு விடுமுறையும் சிவப்பு. அரசாங்கம் விடுமுறைப் பட்டியலை வெளியிட்டால்தான் எந்த நாள் சிவப்பு என்று முடிவாகும். அதற்காகக் காத்திருக்கும் நாட்களில் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்றார் அண்ணாச்சி. நான் கையில் எடுத்த தாள் 2022 ஜனவரி 1. பிலவ வருஷம், மார்கழி 17, சனிக்கிழமை. ராகு காலம் 9 முதல் 10.30. சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்: லாபம், சுகம், செலவு, பகை. நாளுக்குப் பன்னிரண்டு என்றால் வருஷத்துக்கு 4,380 சொற்கள். இதை யார் எழுதுவது என்று கேட்டேன். "பஞ்சாங்கக்காரர் கிட்டேருந்து வர்றது தம்பி. நாம வாசிச்சு சரிபார்க்கிறதோட சரி." ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் தாளைப் பார்ப்பாராம். ஒரு திதி தப்பினால்கூட போன் வந்துவிடும். போன் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள் என்றும் சொன்னார்.

அடுத்த அறையில் ஒரு நீள மேசை. அடுக்கி வைத்த தாள் கட்டுகளைச் சுற்றிப் பெண்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தாள், ஒரு தாள் என்று எடுத்து, சுற்று முடிந்ததும் மேசையில் தட்டி நேராக்கி வைத்துவிட்டு மறு சுற்று. எண்ணுவதே இல்லை, தடவும்போதே இரண்டு தாள் ஒட்டிக்கொண்டால் விரலுக்குத் தெரிந்துவிடும் என்று ஓர் அக்கா சொன்னார். பேசிக்கொண்டே, பார்க்காமலே, பிப்ரவரியை மார்ச்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் வெட்டு மெஷின், அப்புறம் தலையில் தகரப் பட்டை. எங்கள் கடை வாசலில் அட்டையை வளைத்துப் பார்த்த அம்மாவின் கையும் இந்த அக்காவின் கையும் ஒரே மாதிரி கைகள்தான். தாளின் கனம் இரண்டு கைக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அதற்கப்புறம் பார்த்ததுதான் நான் இதை எழுதவே காரணம். கிடங்கின் ஒரு மூலையில் முருகன். ஒரே முருகன், வேலும் மயிலுமாக, என் தோள் உயரத்துக்கு, பத்து அடுக்குக்கு மேல். படத்தாள் அச்சாகி, பளபளப்பு ஏற்றி, சாம்பல் அட்டையில் ஒட்டி, மயில் தோகையில் தங்க ஃபாயில் போட்டு, வேலைச் சற்று மேடாக எம்போஸ் செய்து எல்லாம் முடிந்துவிட்டது. பாதத்துக்குக் கீழே மட்டும் மூன்று விரல் அகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டை, காலியாக. "இது யாரோட ஆர்டர் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "யாரோடதும் இல்ல. யார் கேட்டாலும் அவங்களோடது."

பக்கத்தில் ஒரு சின்ன மெஷினில் ஒரு பையன் அந்தப் பட்டையில் பெயர் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு ஸ்வீட் ஸ்டால். சடசடவென்று சில நிமிஷம், 200 முருகன் அந்த ஸ்வீட் ஸ்டாலுக்குச் சொந்தமாகிவிட்டார்கள். பிளேட்டைக் கழற்றி மாட்டினான், அடுத்தது ஒரு நிதி நிறுவனம். அதே முருகன். நாங்கள் முப்பது வருஷமாக 'நம்ம காலண்டர்' என்று சொல்லிக்கொண்டிருப்பதில் எங்களுடையது அந்த மூன்று விரல் பட்டைதான். அந்தப் பையனின் சில நிமிஷ வேலை. மீதி எல்லாம், பஞ்சாங்கக்காரரின் 4,380 சொல், மேசையைச் சுற்றும் அக்காக்களின் நடை, ஃபாயில், தகரம் எல்லாம், எங்கள் கடை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் நடந்து முடிந்துவிட்டிருந்தது.

பரிசுப்பொருள்காரரின் தோல்பெட்டி அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அதில் இருந்த எல்லாவற்றிலும் ஒரு காலி இடம் இருந்தது. பேனாவின் வயிற்றில், கீ செயினின் தட்டையில், டார்ச்சின் கழுத்தில். சிலிக்கோன் ரப்பர் ஒன்று மையை எடுத்து வந்து அந்த இடத்தில் ஒற்றிவிட்டுப் போகும். அந்தப் பேனாவை 4 ரூபாய் என்று சொல்லி மட்டமாகப் பார்த்தேன். அதன் முனையில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத டங்ஸ்டன் கார்பைடு குண்டு, அது உருளுவதற்கு எஃகில் குடைந்த ஒரு குழி. உலகத்துக்கே பேனா செய்து தள்ளுகிற சீனா, அந்த முனைக்கான எஃகை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. சொந்தமாகச் செய்துவிட்டோம் என்று அங்கே அறிவித்தது 2017 ஜனவரியில்தான். அவ்வளவு பெரிய விஷயத்தின் மேல் ஏதோ ஒரு சிட் ஃபண்ட் பெயர்.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஊரே அப்படித்தானே வளர்ந்தது என்றார். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்த கதை எல்லாருக்கும் தெரியும். "பெட்டிக்குள்ள இருக்கிற குச்சி எல்லாம் ஒண்ணுதானே தம்பி. லேபிள்தானே வேற வேற." அந்த லேபிளுக்காக வந்த அச்சு மெஷின்கள்தான் பட்டாசு லேபிளுக்குப் போய், காலண்டருக்கு வந்தன. சாமி படத்துக்கும் பக்கத்திலேயே ஆள் கிடைத்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு கோவில்பட்டிக்கு வந்து, கம்பெனி கலைந்த பிறகு அங்கேயே தங்கிவிட்ட கொண்டையராஜு. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியின் முகம்தான், கண்ணை மூடினால் என் அம்மாவுக்குத் தெரிகிற லட்சுமியின் முகம் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

முருகனையே எடுத்துக்கொண்டேன். பேப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த சமயம். அண்ணாச்சி 46 சொன்னார், நான் பேரம் பேசவில்லை. அட்டை கொஞ்சம் கனமாக வேண்டும் என்று மட்டும் கேட்டேன். 48 ஆனது.

ஒரு இலக்கம்

பெயர் அடிப்பதற்கு முன்னால் ப்ரூஃப் காட்டினார்கள். கடைப் பெயரைப் பார்த்தேன், 'ஹார்டுவேர்ஸ்' சரியாக இருந்தது. அப்பா பெயரில் ஒற்று விட்டுப்போயிருந்ததைத் திருத்தினேன். முகவரி சரி. கையெழுத்துப் போட்டேன். அடியில் இருந்த போன் நம்பரை வாசிக்கவில்லை. பதினைந்து வருஷமாக அதே நம்பர். சொந்த நம்பரை யார் வாசிப்பார்கள், பார்ப்பதோடு சரி.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு கொத்தனார் வந்து, "உங்க நம்பருக்குப் போட்டா யாரோ பனியன் கம்பெனிக்காரர் எடுக்கிறாரு" என்றார். காலண்டரை எடுத்து விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன். கடைசியில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 5. அதற்குள் ஐந்நூறுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு ஸ்டிக்கர் அடித்து ஒட்டினோம். முருகனின் பாதத்துக்குக் கீழே கோணலாக ஒரு வெள்ளைச் சதுரம். எங்களுக்கு என்று இருந்ததே மூன்று விரல் பட்டை, அதையும் நான்தான் கெடுத்தேன்.

5-க்கு நானே போன் போட்டேன். எடுத்தவர் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். "ஏனுங்க, தெனமும் நாலு பேரு சிமெண்ட் என்ன வெலைன்னு கேக்குறாங்க. நானும் எத்தன தடவதானுங்க ராங் நம்பர்னு சொல்றது?" மன்னிப்புக் கேட்டு, நடந்ததைச் சொல்லி, சரியான நம்பரைக் கொடுத்தேன். கேட்டால் இதைச் சொல்லிவிடுங்கள், ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு வருஷமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். நம்பரை மாற்றிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மாற்றவில்லை. பங்குனியில் வந்த ஒரு பெயின்டர், "திருப்பூர்க்காரர்தான் உங்க நம்பர் குடுத்தாரு, ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல கடை இருக்காதுன்னும் சொன்னாரு" என்றார். அது யார் அவருக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்ட யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆடி மாதத்தில் ஒரு நாள் அவரே அழைத்தார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மோட்டார் ரிப்பேர் என்று அவரிடம் அழாத குறையாகப் பேசினாராம், உடனே ஆள் அனுப்பச் சொன்னார். அனுப்பினோம்.

அடுத்த காலண்டருக்கு நம்பரை அப்பா, நான், கடைப்பையன் மூன்று பேரும் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தோம். திருப்பூருக்கும் ஒன்று, அட்டை வளையாமல் நடுவில் ஹார்டுபோர்டு வைத்துக் கட்டி, பஸ் பார்சலில் போட்டேன். நாலு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெளிர் பச்சைச் சுவர், ஓர் ஆணி, அதில் எங்கள் காலண்டர். வேறு எதுவும் எழுதவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, நம்பரை முதலில் பார்த்தார். அப்புறம் ஓரத்துக்கு நகர்த்தினார். எங்கள் காலண்டருக்குப் பின்னால், அதே ஆணியில், இன்னொரு காலண்டரின் விளிம்பு தெரிந்தது. ஏதோ நூல் கடை; பாதிப் பெயர் மறைந்திருந்தது.

"பாவம்டா அந்த நூல் கடைக்காரன்" என்றார்.